தவிட்டோடு

சீனக்குடா மாவாலையில் எனக்கு இரவு ஷிப்ட்.
கோதுமை ஒரு குழாயால் வரும்.
வெள்ளை மா ஒரு பக்கம் இறங்கும்,
தவிடு வேறொரு வாயால், வேறொரு சாக்குக்குள்.
பதினொரு வருசமாய் நான் தவிட்டுப் பக்கம் நிற்கிறவன்.
மாட்டுக்குப் போகிறதென்று லேபல் ஒட்டுகிறவன்.

ஆவணியில் இரத்தப் பரிசோதனைத் தாளை
ஜெனோவா மேசையில் விரித்தாள்,
கடற்காற்றில் பறக்காமல் உப்புப் போத்தலை மேலே வைத்தாள்.
"இனிப் பாண் இல்லை.
ரோல்ஸ் இல்லை. பிளேன்ரீக்குச் சீனி இல்லை."
அப்ப விடியப்புறம் மூன்று மணிக்கு
நான் என்னத்தைத் தின்னுறது?
பதிலுக்குச் சந்தைப் பையைத் தந்தாள்.

குரக்கன், மாவாக அல்ல, மணியாக.
சாமை, எள், தோல் போகாத பயறு,
சிவப்பரிசி அவல், கச்சான்.
பூசணி விதை கேட்டதும்
நிஸ்தார் நானா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்:
"கிளி வளர்க்கிறீங்களோ?"

ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுக்கவேணும்.
இதை யாரும் சொல்லித்தரவில்லை.
எல்லாவற்றையும் ஒன்றாய்க் கொட்டி
எள் கருகி, கச்சான் பச்சையாய் நின்றபோது
சட்டியே சொன்னது.
குரக்கன் வெடிக்கிற சத்தம்
தகரக் கூரையில் முதல் தூறல்.
சாமை மணக்க நேரமெடுக்கும்.
எள்ளுக்குப் பொறுமை கிடையாது;
மூடியைத் தேடித் திரும்புவதற்குள்
பாதி அடுப்படித் தரையில்.

முதல் தட்டு கத்தி பட்டதும் உதிர்ந்தது.
கரண்டியால் தின்றோம்.

இரண்டாவதுக்குக் கித்துள் பாணியைக் கூட்டிக் காய்ச்சினேன்.
கல்.
கத்தி வளைந்தது, தட்டு வளைந்தது,
துண்டு அசையவில்லை.
வெயிலில் இளகட்டுமென்று பின்மதிலில் வைத்தேன்.
கோட்டைப் பக்கத்து மான்களில் ஒன்று
திருக்கடலூர் வரைக்கும் வந்திருந்தது போல.
நக்கிப் பார்த்தது, தலையை உதறியது,
பக்கத்து வீட்டுச் செவ்வரத்தையைக் கடிக்கப் போனது.
"அதுக்கும் பல் இருக்குத்தானே" என்றாள் ஜெனோவா.
பிறகு, சிரிக்காமல்,
"பாணியும் சீனிதான், தெரியுமோ?"

மூன்றாவதுக்குப் பேரீச்சம்பழம்.
அதுவும் இனிப்புத்தான், ஆனால் எண்ணிப் போட்டோம்:
தட்டுக்குப் பன்னிரண்டு.
சுடுதண்ணியில் ஊறவைத்துப் பிசைந்து,
ஒரு சிட்டிகை உப்பு,
வறுத்ததெல்லாம் அதற்குள்.
மேலே ஒயில் பேப்பர்,
அதற்கும் மேலே அலுமாரிக்கு அடியில் கிடந்த
இரண்டு கிலோப் படிக்கல்.
இரவு முழுக்க அது அங்கேயே இருந்தது,
பாரம் வைத்தால் சேராத சாமான் இல்லை என்பது போல.

காலையில் பதினாறாய் வெட்டினேன்.
பதினைந்து முழுசு.

கனடாவிலிருக்கிற மச்சான் வீடியோவில் பார்த்துவிட்டு
"இது கிரனோலா பார் எல்லோ,
இஞ்ச பெட்டி பெட்டியாய் விக்குறாங்கள்" என்றான்.
எங்களுக்கு அது துண்டு.
"துண்டு எடுத்தியளோ?" என்பாள் படலையில்,
திறப்பு எடுத்தியளோ என்பதுபோல.

மூன்று மணி. இயந்திரத்தின் இரைச்சலுக்கு வெளியே
இறங்குதுறையில் கோதுமைக் கப்பல்,
விளக்கெல்லாம் எரிய, ஒருவரும் தெரியாமல்.
நிமல்சிறி ஒரு மூலையைக் கடித்தான்.
"குரக்கன் நேத?"
நெடுநேரம் மென்றான்.
இது அவசரப்படுகிறவனுக்கான சாப்பாடு இல்லை.
நான் பிரிக்கிறதையெல்லாம் பிரிக்காமல் வைத்திருக்கிற சாப்பாடு.

பிறகு அவன் தன் மீன்பணிஸைப் பிய்த்து
பாதியை என் பக்கம் நீட்டினான்.
எங்கள் ஆலை மா. வெள்ளை. மெத்து.
மறுக்க எனக்குச் சிங்களம் வரவில்லை என்று சொல்லலாம்.
எனக்கு நல்லாய்ச் சிங்களம் வரும்.

ஏழு மணிக்கு பஸ் இறங்கி வருகையில்
ஜெனோவா காணிக் கந்தோருக்கு வெளிக்கிட்டு
படலையில் குடையோடு நிற்கிறாள்.
எங்கள் ஒரு நாளின் நாலு நிமிசம் இதுதான்.
சட்டையில் ஒட்டிய தவிட்டைத் தட்டிவிடுகிறாள்.
"துண்டு தின்னியளோ?"

"ஓம்."

நாக்கு கடைவாயில் துழாவி
ஒரு எள்ளைக் கண்டுபிடிக்கிறது.
சாட்சிக்கு அது போதும்.